குழியானையைக் காட்டிய பிறகுதான்

முழுப்பரீட்சையின் கடைசித் தாளை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தால், திண்ணையில் இரண்டு துணிப்பைகள் தயாராக இருக்கும். எண்பதுகளின் பிற்பகுதியில் நாங்கள் சேலம் அம்மாப்பேட்டையில், இருபுறமும் தறி ஓடும் ஒரு சந்தில் குடியிருந்தோம். அந்தச் சத்தம் காதைவிட்டு அகல்வதற்குள், அயோத்தியாப்பட்டணம் தாண்டிக் குப்பனூர்ப் பக்கம் போகும் பேருந்தில் அம்மா எங்களை ஏற்றிவிடுவார். அம்மாவின் அப்பாவான எங்கள் அப்புச்சியின் தோட்டம் சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருந்தது. ஐந்து ஏக்கரில் பாதி மாந்தோப்பு. மீதியில் கிணற்றுத் தண்ணீருக்கு ஏற்ற அளவில் நிலக்கடலையும் சோளமும் போடுவார்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம்வரை நானும் தம்பியும் அங்கேதான்.

இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த ஒன்றரை மாதத்தில் ஒருவர்கூட எங்களுக்கு எதையும் 'சொல்லிக் கொடுத்ததாக' நினைவில்லை. அப்புச்சி அவர் பாட்டுக்கு வேலை செய்வார். நாங்கள் பின்னாலேயே அலைவோம். இரவில் காற்று பலமாக அடித்திருந்தால் விடியுமுன் எழுப்பி, ஆளுக்கொரு கூடையைக் கையில் கொடுத்து, உதிர்ந்த காய்களைப் பொறுக்க அனுப்புவார். அடிபட்ட காய் ஊறுகாய்க்கு, அடிபடாதது பழுக்கப் போடுவதற்கு என்று பிரிப்பதில் எனக்குப் பத்து வயதிலேயே கை தேர்ந்திருந்தது. பழுக்கப் போடும் அறையில் வைக்கோலைப் பரப்பி, காம்புப் பக்கம் கீழிருக்கும்படி காய்களை அடுக்கி, மேலே இன்னொரு அடுக்கு வைக்கோல் மூடுவோம். நான்காம் நாள் கதவைத் திறந்தால் வரும் வாசனையை வைத்தே, எந்த மூலையில் எது பழுத்திருக்கிறது என்று அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, சொல்லிவிடுவார். செந்தூரா முதலில் வரும். இமாம்பசந்த் கொஞ்ச நாள்தான் இருக்கும். மல்கோவா எல்லாவற்றுக்கும் கடைசி. பெரும்பாலும் அது நன்றாகப் பழுத்து வரும் நேரத்தில் எங்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும் என்பதில் எனக்கு இன்றும் ஒரு குறை உண்டு.

அந்தத் தோட்டத்தின் கிணறு சதுரக் கிணறு. கல் படிக்கட்டு பாதிவரை இறங்கும். தம்பிக்கு மட்டும் நீச்சல் கற்றுக்கொடுத்தால் போதும் என்று அம்மாயி சொன்னபோது, "தண்ணிக்கு ஆம்பள பொம்பள தெரியுமா?" என்று கேட்டுவிட்டு என் இடுப்பில் கயிற்றைக் கட்டியவர் அப்புச்சி. முதுகில், மிதப்பதற்காகக் கட்டிய சுரைபுருடை ஒன்று; காய்ந்த சுரைக்காயின் கூடு அது. கயிற்றின் மறுமுனை அவர் கையில். முதல் நாள் மூன்று வாய்த் தண்ணீர் குடித்தேன். இரண்டு வாரம் கழித்து, கயிறு எப்போது தளர்ந்தது என்றே தெரியாமல் எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அவர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் என் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட வேண்டும் என்று நான் புறப்பட்ட முதல் மூன்று வருடங்களும் வீண். எங்கே தவறினேன் என்று சொன்னால் வேறு சிலருக்குப் பயன்படும் என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன்.

மகளுக்கு ஆறு வயதும் மகனுக்கு இரண்டு வயதும் ஆகியிருந்தபோது, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காரில் ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். கோடை விழா நடந்துகொண்டிருந்த வாரம் அது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவதிலேயே மகள் வாந்தி எடுத்தாள், பதினான்காவதில் மகனும். மேலே போய் ஏரியைச் சுற்றி ஒன்றரை மணி நேரம் வண்டி நிறுத்த இடம் தேடினோம். மிளகாய் பஜ்ஜி தின்றோம், குரங்கு ஒன்று பிஸ்கட் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது, இறங்கி வந்தோம். வழி நெடுக நான் விடாமல் பேசிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றைத்தான்: "எங்க காலத்துல இப்படியா இருந்தோம்!" பிள்ளைகளின் காதில் அந்த வாக்கியம், 'உன் காலம் மட்டம்' என்றுதான் விழும் என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. அடுத்த வருடம் ஒரு கோடை முகாமில் சேர்த்துவிட்டேன். 'இயற்கையோடு பத்து நாட்கள்' என்று துண்டறிக்கையில் போட்டிருந்தது. குளிரூட்டிய அறையில் பச்சைக் காகிதத்தை இலை வடிவத்தில் வெட்டி ஒட்ட வைத்தார்கள். அதற்கு அடுத்த வருடம் பறவைகள் பற்றிய படப் புத்தகம் ஒன்றை வாங்கி, ஒரு நாளைக்கு ஐந்து பெயர் என்று மனப்பாடம் செய்ய வைத்தேன். அது நான் செய்தவற்றிலேயே மோசமானது. கொண்டலாத்தியைப் படத்தில் அடையாளம் சொன்ன என் மகள், அதே பறவை பள்ளி மைதானத்தில் கொண்டையை விரித்து மடக்கிக்கொண்டு நடந்தபோது நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

திருப்பம் வந்தது எங்கள் வீட்டுக் கொல்லையில், மின்சாரம் போன ஒரு பிற்பகலில். தகரக் கொட்டகையின் கீழே, மழைச்சாரல் படாத சுவரோரம், மாவாக உதிரும் மண்ணில் சின்னச் சின்னப் புனல்கள்போல் குழிகள் இருந்தன. எனக்கு, அப்படிக் குழி பறித்து உள்ளே பதுங்கும் குழியானைப் பூச்சியின் ஞாபகம் வந்துவிட்டது. பிள்ளைகளைக் கூப்பிடவில்லை, நான்பாட்டுக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கட்டெறும்பைப் பிடித்துக் குழியின் விளிம்பில் விட்டேன். எறும்பு சரிந்தது, ஏற முயன்றது, மீண்டும் சரிந்தது. குழியின் அடியிலிருந்து யாரோ சின்ன முறத்தால் வீசுவதுபோல் மண் மேல்நோக்கித் தெறித்தது. இரண்டு தடவை தெறித்ததும் எறும்பு அடிமண்ணுக்குப் போய்விட்டது. அரிவாள்போல் வளைந்த இரண்டு கொடுக்குகள் ஒரு கணம் தெரிந்து மறைந்தன.

"என்னம்மா அது?" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. பதில் சொல்லாமல் இன்னொரு எறும்பை மகளின் கையில் கொடுத்தேன்.

அன்று மாலைவரை அவர்கள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மகன் காய்ந்த இலைத்துண்டைப் போட்டுப் பார்த்தான். குழியானை அதைத் தின்னாமல் வெளியே எறிந்தது. மகள் அளவுகோலைக் கொண்டுவந்து குழிகளின் அகலத்தை அளந்தாள். பெரியது 4 சென்டிமீட்டர் இருந்தது. ஒன்றைத் தோண்டி உள்ளங்கையில் விட்டபோது அது பின்பக்கமாகவே நடந்து கூச்சம் காட்டியதில் இருவரும் அலறிச் சிரித்தார்கள். இரண்டை மட்டும் மண்ணோடு ஒரு பழைய டப்பாவில் வைத்து வளர்க்க அனுமதித்தேன். சில வாரங்களில் ஒன்று இரை எடுப்பதை நிறுத்தியது. மண்ணைக் கிளறியபோது பட்டாணி அளவில், மணல் ஒட்டிய உருண்டை ஒன்று இருந்தது. அதற்குள்தான் அது கூட்டுப்புழுவாக அடங்கியிருந்தது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, ஓர் இரவில், கண்ணாடிபோன்ற நான்கு நீண்ட சிறகுகளும் நுனி தடித்த உணர்கொம்புகளுமாகத் தட்டானை ஒத்த ஒரு பூச்சி டப்பாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. குழியானை ஒரு பருவம் மட்டுமே, வளர்ந்தால் அதற்குச் சிறகு முளைக்கும் என்பது எனக்கே அந்த இரவில்தான் கண்முன்னால் தெரிந்தது. மகன் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அது போகும்வரை தூங்கமாட்டேன் என்று அடம் பிடித்தான்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் அந்தப் பிற்பகலைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை. முதல் காரியமாகத் தூரத்தைக் குறைத்தேன். வருடத்துக்கு ஒரு முறை மலையேறுவதைவிட வாரத்துக்கு ஒரு முறை ஒரே இடத்துக்குப் போவது நல்லது என்பது என் அனுபவம். எங்களுக்கு வாய்த்த இடம் கன்னங்குறிச்சி மூக்கனேரி. சேர்வராயன் மலைச்சரிவில் பெய்யும் மழை ஓடைகளாக வந்து நிறைக்கும் ஏரி அது. 2010-ஆம் ஆண்டை ஒட்டி ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரி, அள்ளிய மண்ணையே ஏரிக்குள் குவித்துத் தீவுகளாக்கி மரம் நட்டார்கள். இன்று அந்தத் தீவுகளில் நீர்க்காகங்களும் கொக்குகளும் அடைகின்றன. ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போய் எட்டரைக்குத் திரும்பிவிடுவோம். ஒரே கரை, ஒரே கல். முதல் நான்கு வாரம் மகனுக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. ஐந்தாம் வாரம், "அம்மா, போன வாரம் அந்தக் கட்டைமேல நாலு இருந்துச்சு, இப்ப ரெண்டுதான் இருக்கு" என்றான். மாற்றம் கண்ணில் பட வேண்டுமானால் முதலில் பழக்கம் வேண்டும். புதுப்புது இடமாகக் கூட்டிப் போனால் அந்த 'போன வாரம்' என்ற சொல்லுக்கே வழியில்லாமல் போய்விடுகிறது.

பெயரை நான் முந்திச் சொல்வதையும் விட்டுவிட்டேன். அவர்கள் பார்த்ததற்கு அவர்களே பெயர் வைக்கட்டும் என்று விட்டதில், மாமரத்தில் 'டுக் டுக்' என்று நாள் முழுக்கத் தட்டுவதுபோல் கூவும் குக்குறுவான் பறவை எங்கள் வீட்டில் 'பாத்திரக்கடைக்காரன்' ஆனது. உண்மைப் பெயரை மகள் ஒரு மாதம் கழித்துத் தானாகவே அந்தப் பழைய படப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்தாள். புத்தகத்தின்மேல் தப்பில்லை, அது வந்த வரிசைதான் தப்பு. அதேபோல, வெளியே போகும்போது எனக்கென்று ஒரு வேலை வைத்துக்கொள்வேன்: வேப்பம்பூ பொறுக்குவது, கீரை ஆய்வது, ஒன்றுமில்லையென்றால் பூத்தொடுப்பது. பெரியவர்கள் சும்மா நின்று தங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூடத்தின் இன்னொரு பிரிவேளைதான். என் கை வேலையில் இருந்தால் அவர்கள் கண் தானாக அலையத் தொடங்குகிறது. அப்புச்சி இதைத் தெரிந்து செய்தாரா, வேலை கிடந்ததால் செய்தாரா என்பது வேறு விஷயம். கைப்பேசி என் பையில் இருக்கும். திரும்பும் நேரத்தில் ஒரே ஒரு படம் எடுக்கலாம் என்பது வீட்டுச் சட்டம். எதை எடுப்பது என்று அவர்கள் போடும் சண்டையில் அன்று பார்த்த எல்லாமே இன்னொரு முறை பேச்சில் வந்துவிடும்.

ஏற்காட்டுக்கும் மீண்டும் போனோம். ஆனால் பேருந்தில், வார நாளில், ஜூன் முதல் வாரக் கூட்டமில்லாத காலையில். வாந்திக்குக் கைகொடுத்தது மூன்று விஷயங்கள்: கிளம்புமுன் எண்ணெய்ப் பலகாரம் இல்லாமல் இரண்டு இட்லி, முன்வரிசைச் சன்னலோர இடம், வளைவுகளில் கீழே குனியாமல் தூரத்தைப் பார்ப்பது. நினைப்பு வாந்தியின் பக்கம் போகாமலிருக்க ஒரு வேலை வேண்டுமே என்று, மருந்துக்கடையில் வாங்கிய அறை வெப்பமானியை மகன் கையில் கொடுத்தேன். அடிவாரத்தில் 33 பாகை காட்டியது, மேலே போய்ப் பேருந்தைவிட்டு இறங்கும்போது 25-க்கு வந்திருந்தது. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு பாகைக்குமேல் குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டியபோது அவனுக்கு அது பாடமாகவே படவில்லை. வழியில் முள்மரங்கள் மறைந்து மூங்கில் வருவதையும், அதுவும் மறைந்து சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக்கொடியும் கீழே காப்பிச் செடியும் வருவதையும் மகள் வளைவு எண்ணோடு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"இது எல்லாமே காடாம்மா?" என்று அவள் கேட்டதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொன்னேன். காப்பியை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலத்தின் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்ற பிரிட்டிஷ்காரர். அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். அதற்கெல்லாம் வெகு காலம் முன்பிருந்தே மலையாளி பழங்குடி மக்கள் இங்கே சாமையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்கிறார்கள்; 1,623 மீட்டர் உயரத்து உச்சியில் அவர்கள் கும்பிடும் சேர்வராயன் ஒரு தாழ்வான குகைக்குள் இருக்கிறார். பச்சையாக இருப்பதெல்லாம் காடு இல்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தெரிந்தால் மிச்சமிருக்கும் சோலைத் துண்டின் அருமை தெரியும். இதைச் சொல்வதால் காப்பித் தோட்டத்தின்மேல் எனக்குக் கோபம் என்று கொள்ள வேண்டாம். காப்பியைப் பூக்க வைக்கும் 'பூ மழை' பெய்து எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே வெள்ளையாய்ப் பூத்து மல்லிகைபோல் மணப்பதை ஒரு மார்ச் மாதம் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் வராது. அன்று தேசிய ஆர்க்கிட் பூங்காவில் குடுவைச் செடியைப் பார்த்தோம். மேகாலயாவின் காசி மலைக்கு உரிய செடி. குடுவையின் வழுக்கும் விளிம்பில் சறுக்கி விழும் பூச்சிகள் உள்ளிருக்கும் நீரில் செரிக்கப்படும். மகன் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது செடி குழியானை" என்றான். நான் கொடுத்த புத்தகங்கள் எவற்றாலும் வராத வாக்கியம் அது.

ஆபத்துகளை மறைத்து இந்த ஆசையை வளர்க்க முடியாது. பாம்பைப் பற்றி நான் பிள்ளைகளிடம் சொல்லியிருப்பவை: கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடாதே, கல்லைப் புரட்டுவதென்றால் உன் பக்கமாகப் புரட்டு, அப்போது கல் உனக்கும் அதற்கும் நடுவில் இருக்கும், மூடிய செருப்பு இல்லாமல் புல்லில் இறங்காதே, இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதே. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் படத்தில் அடையாளம் தெரியும். ஆனால் கடித்துவிட்டால் எது என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போய் விஷமுறிவு மருந்து போட வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் போவதில்லை. பிப்ரவரியிலிருந்து மழை வரும்வரை காட்டுத்தீக் காலம் என்பதால் ஓரங்களில்கூடத் தீப்பெட்டிக்கு இடமில்லை. ஏற்காட்டுச் சாலைகளில் காட்டெருமை நின்றால் வண்டியிலிருந்து இறங்குவதே கிடையாது. சாதுவாகத் தெரியும், பக்கத்தில் போனால் அப்படி இருக்காது. கோடை வெயில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. பத்து மணிக்கு மேல் நான்கு மணிவரை நாங்கள் நிழலைவிட்டு நகர்வதில்லை. கிணற்றில் மட்டும் என் அப்புச்சியைவிட நான் கண்டிப்பானவள்: நீச்சல் குளத்தில் ஒரு வருடம் பழகிய பிறகே, அதுவும் நீந்தத் தெரிந்த இரண்டு பெரியவர்கள் உடன் இருந்தால்தான்.

இப்போது அந்தத் தோட்டத்தைப் பார்ப்பவர் மாமா. கிணறு பல வருடம் வறண்டு கிடந்தது. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் வந்த பிறகு மழைக்காலத்தில்கூட அடிப்பாறை தெரிந்தது. நான் நீந்திய கிணறு என்று காட்டுவதற்குக் கூட்டிப்போனபோது, மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுலயா?" என்று கேட்டாள். எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஆனால் போன வருடம் ஐப்பசியில் அடைமழை பெய்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை மாமா தொலைபேசியில் அழைத்து, "கண்ணு, கெணத்துல ஏழு படி ஏறியிருக்குது தண்ணி. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வா, எத்தன நாளைக்கு நிக்குமோ" என்றார். கோடையில்தான் போக வேண்டும் என்று யார் சொன்னார்கள். மறுநாள் காலையே போய்விட்டோம்.

இருவருக்கும் நீந்தத் தெரியும். இருந்தாலும், அம்மாவின் முதுகில் கட்டிய அதே சுரைபுருடை வேண்டும் என்று மகன் கேட்டான். மாமா பரணில் ஏறி, பழைய சாக்குகளுக்கு அடியிலிருந்து அதைத் தேடி எடுத்தார். கறுத்துப் போயிருந்தது, கழுத்தில் நான் கட்டிய கயிற்றின் தடம்கூட இருந்தது. துடைப்பதற்காக மாமா அதைத் திருப்பியபோது, அடிப்பக்கம் விரிசல் விட்ட ஓட்டையில் ஈரம் காயாத மண் தெரிந்தது. மண்குளவி ஒன்று உள்ளே கூடு வைத்திருந்தது; புதுக்கூடு. மாமா கூட்டைத் தட்டிவிடக் குச்சியை எடுத்தார்.

"தட்டாதீங்க தாத்தா," என்றான் மகன். "உள்ள புழு இருக்கும். அது வளந்து வெளிய வர்றதுக்கு நாளாகும்."

மாமா என்னைப் பார்த்தார்; நான் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுரைபுருடை இருந்த இடத்துக்கே, ஓட்டை மேல்பக்கம் இருக்கும்படி, திரும்பப் போயிற்று. பிறகு மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் கிடைக்குமா என்று பார்த்து வரச் சாலைக்குப் போனார்.